ஒடிந்த எலும்பு கூடுகிறது, தேய்ந்த ஜவ்வு ஏன் வளர்வதில்லை?

கேள்வி: எனக்கு வயது 47. நாமக்கல் மாவட்டத்தில் ஒரு பள்ளியில் ஆசிரியை. உயரம் 155 செ.மீ., எடை 74 கிலோ. ஒரு வருடமாக வலது முழங்காலில் வலி. மாடிப்படி இறங்கும்போதும் தரையிலிருந்து எழும்போதும் அதிகம். எக்ஸ்ரே பார்த்த டாக்டர், "ஜவ்வு தேய ஆரம்பித்திருக்கிறது, இரண்டாம் நிலை" என்றார். நடந்தால் இன்னும் தேயும் என்று வீட்டில் சொன்னதால் காலை நடையை நிறுத்திவிட்டேன். ஆட்டுக்கால் சூப், கொல்லிமலை முடவாட்டுக்கால் சூப், கொலாஜன் பவுடர் என்று மாறி மாறிச் சாப்பிடுகிறேன். இவற்றால் ஜவ்வு திரும்ப வளருமா? போன மாதம் என் 14 வயது மகன் சைக்கிளிலிருந்து விழுந்தான். மணிக்கட்டு எக்ஸ்ரேயில் எலும்பின் நுனியில் குறுக்கே ஒரு கோடு. எலும்பு விட்டுப்போய்விட்டது என்று பயந்துபோனேன். "முறிவு இல்லை, அது வளர்கிற ஜவ்வு" என்றார்கள். அவனுக்கு வளர்வது எனக்கு ஏன் வளரவில்லை? காதிலும் மூக்கிலும் இருப்பதும் இதேதானா? அவன் ஜிம்முக்குப் போகக் கேட்கிறான். வெயிட் தூக்கினால் உயரம் நின்றுவிடுமா? எனக்குக் கடைசியில் ஆபரேஷன்தானா?

பதில்: வணக்கம் டீச்சர். அவசரமானதை முதலில் சொல்லிவிடுகிறேன். நாளைக் காலையிலிருந்து மறுபடியும் நடக்க ஆரம்பியுங்கள். முழங்கால் வீங்கிச் சூடாக இல்லையென்றால் காத்திருக்கத் தேவையில்லை. நடையை நிறுத்தியதுதான் இந்த ஒரு வருடத்தில் உங்கள் முழங்காலுக்கு நேர்ந்த பெரிய கெடுதல் என்று நினைக்கிறேன். காரணத்தைச் சொல்ல, அந்த ஜவ்வு எதனால் ஆனது என்பதிலிருந்து வர வேண்டும்.

நாம் பேசுவது குருத்தெலும்பைப் பற்றி. உங்கள் தொடை எலும்பின் அடிமுனையிலும், கணைக்கால் எலும்பின் மேல்முனையிலும், முட்டிச் சில்லின் பின்பக்கத்திலும் வழவழப்பாக, நீலம் கலந்த வெள்ளையில் ஒட்டியிருக்கும் பூச்சு அது. பெரும்பாலான இடங்களில் 2 முதல் 4 மில்லிமீட்டர் கனம். முட்டிச் சில்லின் பின்னால் இன்னும் கொஞ்சம் தடிப்பு. எக்ஸ்ரேயில் அது தெரியாது. இரண்டு எலும்புகளுக்கும் நடுவே கறுப்பாக ஓர் இடைவெளி தெரிகிறதே, அந்த இடத்தை நிரப்பியிருப்பது பெரும்பாலும் இந்தக் குருத்தெலும்புதான். "கேப் குறைந்திருக்கிறது" என்று டாக்டர் சொன்னால் பூச்சு மெலிந்திருக்கிறது என்று பொருள்.

இதில் உயிருள்ள செல்கள் மிகக் குறைவு. பெரியவர்களின் மூட்டில் நூற்றுக்கு ஐந்து பங்குகூட இருக்காது. சின்னச் சின்னக் குழிகளுக்குள் ஒன்றிரண்டாக, தனித்தனியே உட்கார்ந்திருக்கும். மற்றதெல்லாம் அந்தச் செல்கள் தங்களைச் சுற்றிக் கட்டிவைத்த பொருள். எடை போட்டுப் பார்த்தால் அதிலும் முக்கால் பங்குக்குப் பக்கத்தில் தண்ணீர். வெறும் தண்ணீரும் கொஞ்சம் நாரும் எப்படி ஒரு மனிதரின் எடையை எழுபது வருடம் தாங்குகின்றன?

வீட்டில் சப்ஜா விதை இருந்தால் கொஞ்சம் எடுத்து, மெல்லிய துணியில் இறுக்கி முடிந்து தண்ணீரில் போட்டுப் பாருங்கள். விதை ஊறி வீங்கப் பார்க்கும், துணி விடாது. கொஞ்ச நேரத்தில் முடிச்சு விறைத்துவிடும். விரலால் அழுத்தினால் எதிர்த்து நிற்கும். குருத்தெலும்பு நிற்பது இந்த இழுபறியில்தான். விதையின் வேலையைச் செய்வது அக்ரிகன் என்ற பெரிய மூலக்கூறு. அதன் உடம்பெல்லாம் காண்ட்ராய்டின் சல்பேட், கெரட்டான் சல்பேட் என்ற சர்க்கரைச் சங்கிலிகள். அவற்றில் எதிர்மின்னூட்டம் அதிகம் என்பதால் தண்ணீரை இழுத்து வைத்துக்கொள்ளும். இப்படிப்பட்ட அக்ரிகன்கள் வரிசையாக ஹயலுரோனிக் அமிலம் என்ற நீண்ட இழையில் தொற்றிக்கொண்டிருக்கும். துணியின் வேலையைச் செய்வது இரண்டாம் வகைக் கொலாஜன் நார்கள். மேற்பரப்பில் அவை தளத்தோடு படுத்தவாறு ஓடி உராய்வைத் தாங்கும். ஆழத்தில் செங்குத்தாக இறங்கி, சுண்ணாம்பேறிய ஓர் அடுக்கின் வழியாக எலும்போடு பிணைந்துகொள்ளும்.

தேய்மானம் என்றதும் செருப்பின் அடி தேய்வதைத்தான் எல்லோரும் கற்பனை செய்கிறார்கள். உள்ளே நடப்பது வேறு. முதலில் நார்வலை அங்கங்கே தளர்கிறது. உடனே குருத்தெலும்பு மெலிவதில்லை. கட்டு தளர்ந்ததால் கூடுதலாகத் தண்ணீர் குடித்து ஊதி மெத்தென்று ஆகிறது. அக்ரிகன் கொஞ்சம் கொஞ்சமாகக் கசிந்து வெளியேறி, மேற்பரப்பு நார்நாராகப் பிரிந்து, உதிர்ந்து மெலிவதெல்லாம் அதற்கு அப்புறம். வயது, அதிக எடை, பழைய அடி, பரம்பரை, மூட்டுக்குள் மெலிதாகக் கனன்றுகொண்டிருக்கும் அழற்சி எல்லாம் சேர்ந்து செய்கிற வேலை அது. நடந்ததால் தேய்ந்தது என்று ஒற்றைக் காரணம் காட்ட முடியாது.

இப்போது உங்கள் முக்கியமான கேள்வி. எலும்பு ஒடிந்தால் ரத்தம் கசிந்து உறைகிறது. அந்த உறைவுக்குள் பழுதுபார்க்கும் செல்கள் ரத்தக் குழாய் வழியாகவும் எலும்பின் மேலுறையிலிருந்தும் வந்து சேர்கின்றன. அவை முதலில் அங்கே கட்டுவது என்ன தெரியுமா? பெரும்பாலான முறிவுகளில் குருத்தெலும்புதான். ஒடிந்த இடத்தைச் சுற்றிக் குருத்தெலும்பு முண்டாக வளர்ந்து, சில வாரங்களில் சுண்ணாம்பேறி எலும்பாகிறது. ஆக, உங்கள் உடம்புக்கு இந்த வயதிலும் குருத்தெலும்பு செய்யத் தெரியும். ஆனால் மூட்டுக்குள் அந்த ஆட்கள் போய்ச் சேர வழியில்லை. மூட்டுக் குருத்தெலும்பில் ரத்தக் குழாய் கிடையாது, நரம்பு கிடையாது, நிணநீர்க் குழாயும் கிடையாது. கீறல் விழுந்தால் ரத்தம் வராது, உறைவும் இல்லை. அங்கே இருக்கும் சொற்பச் செல்களும் தத்தம் குழியை விட்டு நகர முடியாமல் கெட்டியான பொருளுக்குள் அடைபட்டிருக்கின்றன. வில்லியம் ஹன்டர் என்ற மருத்துவர் 1743-இல் லண்டன் ராயல் சொசைட்டிக்கு எழுதிய கட்டுரையிலேயே, குருத்தெலும்பு ஒருமுறை அழிந்தால் திரும்பாது என்பது ஹிப்போகிரட்டிஸ் காலத்திலிருந்து (பண்டைக் கிரேக்க மருத்துவர் அவர்) எல்லோரும் ஒப்புக்கொண்ட சேதி என்று குறிப்பிட்டிருக்கிறார்.

எந்த அளவுக்குத் திரும்பாது என்பதை 2016-இல் டென்மார்க் ஆய்வாளர்கள் அழகாகக் காட்டினார்கள். 1950களிலும் 60களின் தொடக்கத்திலும் திறந்த வெளியில் நடத்திய அணுகுண்டுச் சோதனைகளால் காற்றில் கதிரியக்கக் கார்பன் கூடியது, பிறகு மெல்லக் குறைந்தது. அந்தந்த வருடத்தில் உடம்பில் உருவான திசுவில் அந்தந்த வருடத்தின் அளவு பதிவாகிவிடும். பல வயதினரின் முழங்கால் குருத்தெலும்பை எடுத்து அளந்தபோது, அதன் கொலாஜன் அவரவர் பிள்ளைப்பருவத்துக் கொலாஜனாகவே இருந்தது. வளர்ச்சி முடிந்தபின் புதிதாக ஏறியது கிட்டத்தட்ட எதுவுமில்லை. மூட்டு நன்றாக இருந்தவர்களுக்கும் அப்படித்தான், தேய்ந்தவர்களுக்கும் அப்படித்தான். நீங்கள் பத்தாம் வகுப்பு எழுதிய காலத்துத் துணியில்தான் இன்றைக்கும் நடக்கிறீர்கள் டீச்சர். துணிக்குள் இருக்கும் விதை அப்படியல்ல. அக்ரிகனைச் செல்கள் பெரியவர்களிடமும் ஓரளவு புதுப்பித்துக்கொண்டே இருக்கின்றன. உங்கள் கையில் இருக்கும் வாய்ப்பு அந்தப் பகுதியில்தான்.

ரத்தக் குழாய் இல்லாத செல்களுக்குச் சாப்பாடு எப்படிப் போகிறது? மூட்டுக்குள் இருக்கும் வழவழப்பான திரவத்திலிருந்து ஊறித்தான் போக வேண்டும். கால் ஊன்றும்போது குருத்தெலும்பு அமுங்கிக் கொஞ்சம் நீரை வெளியே தள்ளும், எடுக்கும்போது உள்ளே இழுத்துக்கொள்ளும். இந்த அழுத்தத்தை உணர்ந்துதான் செல்களும் வேலை செய்கின்றன. தண்டுவடம் அடிபட்டுக் காலை அசைக்க முடியாமல் போனவர்களின் முழங்காலை எம்ஆர்ஐயில் அளந்து பார்த்திருக்கிறார்கள். முதல் வருடத்திலேயே குருத்தெலும்பு மெலிந்துபோகிறது. எந்தப் பாரமும் ஏறாத மூட்டு அது, தேய்வதற்கு வழியே இல்லை, ஆனாலும் மெலிகிறது. உங்களை நடக்கச் சொன்னதற்கு இதுதான் காரணம்.

காது, மூக்கு விஷயத்துக்கு வருகிறேன். அடிப்படை ஒன்றுதான், நாரின் வகையும் அளவும் மாறும். மூட்டில் இருப்பது ஹயலின் வகை, பார்க்கக் கண்ணாடி போன்ற மினுமினுப்பு. மூக்கின் நடுத்தண்டு, மூச்சுக்குழாயைத் திறந்து வைத்திருக்கும் வளையங்கள், விலா எலும்புகள் நெஞ்செலும்போடு சேருமிடம், எல்லாம் இதே வகை. காது மடலிலும், சாப்பாடு மூச்சுக்குழாய்க்குள் போகாமல் காக்கும் குரல்வளை மூடியிலும் மீள்நார்கள் சேர்ந்த இன்னொரு வகை. காதை மடக்கி விட்டால் சட்டென்று பழைய நிலைக்கு வருவது அதனால்தான். காதில் எடை தாங்கும் வேலையும் இல்லை, இரு பரப்புகள் ஒன்றோடொன்று உரசுவதும் இல்லை. அதனால் அங்கே உங்கள் முழங்காலில் வந்த மாதிரித் தேய்மானம் வராது. ஆனால் அதற்கு வேறு ஆபத்து. காதுக் குருத்தெலும்புக்கு அதன் மேலுறைதான் சோறு போடுகிறது. குத்துச்சண்டை, மல்யுத்தக்காரர்களுக்கு அடிபட்டு உறைக்கும் குருத்தெலும்புக்கும் நடுவே ரத்தம் கட்டினால், அடியில் இருப்பது பட்டினியில் செத்து, காது சுருங்கி முண்டு முண்டாகிவிடும்.

காது குத்துவதிலும் இதைக் கவனிக்க வேண்டும். காதின் கீழ்ச் சோணையில் குருத்தெலும்பே கிடையாது, வெறும் கொழுப்பும் தோலும்தான். பாம்படம் போட்ட பாட்டிகளின் காது தோளைத் தொடும் வரை நீள முடிந்ததும் அதனால்தான். மேல் காது அப்படியில்லை. இப்போது பிள்ளைகள் மேலே இரண்டு மூன்று குத்திக்கொள்கிறார்கள். அங்கே சூடோமோனாஸ் கிருமி புகுந்தால் ஒரு வாரத்தில் காதின் வடிவமே போய்விடலாம். குத்திய இடம் சிவந்து, சூடாகி, தொட்டால் உயிர் போகிற வலி என்றால் மஞ்சளைத் தடவிக்கொண்டு வீட்டில் காத்திருக்கக் கூடாது.

மூன்றாவது நார்க் குருத்தெலும்பு. தோலிலும் தசைநாணிலும் உள்ள முதலாம் வகைக் கொலாஜன் இதில் கட்டுக்கட்டாக இருக்கும். முதுகெலும்புத் தட்டுகளின் வெளிவளையம் இந்த வகை. உங்கள் முழங்காலுக்குள் இரு எலும்புக்கும் நடுவே பிறை வடிவில் கிடக்கும் மெனிஸ்கஸ் இரண்டும் இந்த வகைதான். மூட்டுக்குள் சேர்ந்தே கிடப்பதால் இதையும் ஜவ்வு என்றுதான் சொல்கிறோம். "ஜவ்வு கிழிந்துவிட்டது" என்று யாராவது சொன்னால் பெரும்பாலும் மெனிஸ்கஸையோ தசைநார்களையோ சொல்கிறார்கள். உங்களுக்கு அது இல்லை. மெனிஸ்கஸின் வெளியோர மூன்றில் ஒரு பங்குக்கு ரத்த ஓட்டம் உண்டு என்பதால், அந்த ஓரத்தில் கிழிந்தால் தைத்துக் கூட்டிவிட முடியும். உள்ளோரத்துக்கு அந்தக் கொடுப்பினை இல்லை.

உங்கள் மகனிடம் இருப்பது வேறொரு ஏற்பாடு. தாயின் வயிற்றில் ஆறாவது வாரம் வாக்கில் கைகால் எலும்புகளெல்லாம் முதலில் சின்னஞ்சிறு குருத்தெலும்பு வார்ப்புகளாகத்தான் உருவாகின்றன. அவற்றின் நடுவிலிருந்து எலும்பாக மாறத் தொடங்கி, இரு நுனிகளை நோக்கி அது பரவும். பிறந்த குழந்தையின் முட்டிச் சில்லு முழுக்கக் குருத்தெலும்பு. மூன்று வயதுக்கு மேல்தான் அதில் எலும்பு தென்பட ஆரம்பிக்கும். மண்டையோட்டின் மேல்தட்டுகள் போன்ற சில எலும்புகள் மட்டும் குருத்தெலும்பு என்ற படியே இல்லாமல் நேராக எலும்பாகிவிடும்.

குருத்தெலும்பு வளர இரண்டு வழிகள் உண்டு. வெளியுறையிலிருக்கும் செல்கள் மேலே அடுக்கடுக்காகப் பூசிக்கொண்டே போகலாம். அல்லது உள்ளே இருக்கும் செல்களே பிளந்து பெருகி உள்ளிருந்து விரியலாம். எலும்பால் இரண்டாவது வழியில் வளரவே முடியாது; அது இறுகிப்போன பொருள். அதனால் பிள்ளைகளின் நீள எலும்புகளின் நுனிக்குப் பக்கத்தில் ஒரு குருத்தெலும்புத் தட்டை உடம்பு விட்டுவைத்திருக்கிறது. மகனின் மணிக்கட்டில் நீங்கள் பார்த்த கோடு அந்த வளர்ச்சித் தட்டுதான். அதன் ஒரு பக்கத்தில் ஓய்வாக இருக்கும் செல்கள். அடுத்து, பிளந்து பிளந்து தூண் தூணாக அடுக்கிக்கொள்பவை. அதற்கடுத்து அவையே பல மடங்கு ஊதிப் பெரிதாகும். எலும்பு நீளுவதில் பெரும்பகுதி இந்த ஊதுதலால் வருகிறது. கடைசியில் சுற்றியுள்ள பொருளில் சுண்ணாம்பு ஏறி, ரத்தக் குழாய் புகுந்து, எலும்பு வந்து உட்காரும். ஊதிய செல்களெல்லாம் செத்துவிடும் என்றுதான் நாங்கள் படித்தோம். ஒரு பகுதி சாகாமல் எலும்புச் செல்லாகவே மாறிவிடுகிறது என்று பிற்பாடு எலிகளில் கண்டிருக்கிறார்கள்.

காலின் மொத்த நீள வளர்ச்சியில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு முழங்காலுக்கு மேலும் கீழும் இருக்கும் இரண்டு தட்டுகளில் நடக்கிறது. மேலே வருடத்துக்கு ஒரு சென்டிமீட்டருக்குச் சற்றுக் குறைவு, கீழே 6 மில்லிமீட்டர் அளவுக்கு. உங்கள் முழங்காலிலும் ஒரு காலத்தில் அவை இருந்தன. இப்போது எலும்போடு எலும்பாக மூடிவிட்டன. மூடச் சொல்வது ஈஸ்ட்ரோஜன் என்ற பெண்மை ஹார்மோன், ஆண்பிள்ளைகளுக்கும் அதுதான். 1994-இல் அமெரிக்காவில் ஒருவரைப் பற்றி எழுதினார்கள். ஈஸ்ட்ரோஜனை உணரும் மரபணு அவருக்குப் பழுது. 28 வயதில் 204 செ.மீ. உயரம், தட்டுகள் மூடாமல் இன்னும் வளர்ந்துகொண்டிருந்தார். ஆக, உங்கள் பையனிடம் வளர்வது எலும்பாக மாறுவதற்காகவே வளர்கிற தட்டு. மூட்டின் மேற்பூச்சு அவனுக்கும் வளர்ச்சியோடு கட்டி முடிக்கப்பட்டுவிடும். அதற்கப்புறம் அவன் மூட்டும் உங்கள் மூட்டைப் போலத்தான்.

ஜிம் பற்றி. சரியான முறையில், பயிற்சியாளர் கண்காணிப்பில், மிதமான எடையோடு செய்தால் உயரம் நிற்காது. அமெரிக்கக் குழந்தை மருத்துவ அகாடமியும் இதைத்தான் சொல்கிறது. தட்டுக்கு உண்மையான ஆபத்து விழுவதிலும் அடிபடுவதிலும்தான். பிள்ளைகளுக்கு ஏற்படும் எலும்பு முறிவுகளில் நூற்றுக்கு 15 முதல் 30 வரை தட்டையும் தொடுகின்றன. பிள்ளைகளின் தசைநாரைவிடத் தட்டு பலவீனமானது என்பதால், பெரியவருக்குச் சுளுக்கில் முடியும் அடி பிள்ளைக்குத் தட்டு முறிவாகலாம். அவனுக்கு அந்த மணிக்கட்டில் இன்னும் எலும்பு நுனியைத் தொட்டால் வலிக்கிறதென்றால், எக்ஸ்ரே சரியாக இருந்தாலும் ஒருமுறை திரும்பக் காட்டுங்கள். தட்டில் நகராத முறிவு முதல் படத்தில் தெரியாமல் போவதுண்டு. வலியே இல்லையென்றால் விட்டுவிடலாம். ஜிம்மில் கவனிக்க வேண்டியது இன்னொன்று. "சீக்கிரம் பாடி ஏறும்" என்று யாராவது ஊசியோ மாத்திரையோ நீட்டினால் வாங்கக் கூடாது என்று அவனிடம் வெளிப்படையாகப் பேசிவிடுங்கள். ஆண்மை ஹார்மோன் வகை ஸ்டீராய்டுகள் உடம்பில் ஈஸ்ட்ரோஜனாக மாறித் தட்டுகளைச் சீக்கிரமே மூடிவிடும். இரும்புத் தட்டால் போகாத உயரம் அந்த ஊசியால் போகும்.

சூப்புக்கு வருவோம். ஆட்டுக்காலில் கொலாஜன் நிறைய உண்டு. கொதித்தால் ஜெலட்டினாகிச் சூப்பில் இறங்கும். குடலில் அது அமினோ அமிலங்களாகவும் சிறு துண்டுகளாகவும் செரிந்துவிடும். பருப்பு, முட்டை சாப்பிட்டாலும் உடம்பு கட்டுமானப் பொருளை இப்படித்தான் எடுத்துக்கொள்கிறது. அந்தத் துண்டுகள் முழங்காலைத் தேடிப்போய் நார்வலையை நெய்யும் என்பதற்கு ஆதாரம் இல்லை. கொலாஜன் பவுடரும் அதே கதைதான், விலைதான் வேறு. முடவாட்டுக்கால் ஒரு பெரணிச் செடியின் கிழங்கு. தாவரங்களில் கொலாஜனே கிடையாது. கொல்லிமலைக்குப் போனால் மிளகு தட்டிப்போட்ட அந்தச் சூப்பை நானும் ரசித்துக் குடிப்பேன், குளிருக்கு நன்றாக இருக்கும். ஜவ்வு வளர்க்கும் என்று குடிக்காதீர்கள், அவ்வளவுதான். ஆட்டுக்கால் சூப்பில் மேலே மிதக்கும் கொழுப்பை உங்கள் எடைக்கு யோசித்துக்கொள்ளுங்கள். பவுடருக்குப் போகும் பணத்தில் முட்டை, சுண்டல், கொய்யா, நெல்லிக்காய் வாங்கலாம்.

குளுக்கோசமைன், காண்ட்ராய்டின் மாத்திரை நீங்கள் கேட்கவில்லை, ஆனால் சீக்கிரம் யாராவது எழுதித் தருவார்கள். 2006-இல் அமெரிக்காவில் 1,583 பேரிடம் நடத்திய பெரிய ஆய்வில், மொத்தமாகப் பார்க்கும்போது, மருந்தில்லாத வெறும் மாத்திரையைவிட இவை மேலாகத் தெரியவில்லை. வெறும் மாத்திரை சாப்பிட்டவர்களிலேயே நூற்றுக்கு 60 பேருக்கு வலி குறைந்திருந்தது. பக்கத்து வீட்டு அக்காவுக்குக் கேட்டதே என்று நீங்கள் சொல்லப்போவதற்கு இதுவே என் பதில். ரத்தத்திலிருந்து பிரித்தெடுத்துப் போடும் பிஆர்பி ஊசியையும் 2021-இல் ஆஸ்திரேலியாவில் 288 பேரிடம் உப்புநீர் ஊசியோடு ஒப்பிட்டார்கள். ஒரு வருடம் கழித்து வலியிலும் வித்தியாசமில்லை, குருத்தெலும்பின் அளவிலும் இல்லை. "ஸ்டெம் செல் போட்டு ஜவ்வை வளர்க்கிறோம்" என்ற விளம்பரத்தைப் பார்த்தால் கைப்பையை மூடிக்கொண்டு வெளியே வந்துவிடுங்கள். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமான ஐசிஎம்ஆர் 2017-இல் வெளியிட்ட வழிகாட்டுதல், மூட்டுத் தேய்மானத்துக்கு அது ஆய்வாக மட்டுமே நடக்கலாம், காசு வாங்கிச் செய்யும் வைத்தியமாக அல்ல என்றது.

குருத்தெலும்பை வளர்த்து ஒட்டும் சிகிச்சை என்று ஒன்று உண்மையிலேயே இருக்கிறது. சுவீடனின் கோத்தன்பர்க் நகரத்து மருத்துவர்கள், நோயாளியின் மூட்டிலிருந்தே கொஞ்சம் செல்லெடுத்து ஆய்வகத்தில் பெருக்கித் திரும்ப வைத்ததை 1994-இல் வெளியிட்டார்கள். இந்தியாவிலும் செய்கிறார்கள். விளையாடும்போது அடிபட்டு ஒரே இடத்தில் பள்ளம் விழுந்த இளைஞர்களுக்கானது அது. மூட்டு முழுக்கப் பரவலாக மெலிந்த உங்கள் மாதிரி நிலைக்குப் பொருந்தாது. எலும்பில் சின்னத் துளைகள் போட்டு ரத்தம் கசியவைக்கும் முறையும் உண்டு. அதில் நிரம்புவது பெரும்பாலும் நார்க் குருத்தெலும்பு. மூட்டுப் பூச்சின் உழைப்பை அதனிடம் எதிர்பார்க்க முடியாது.

இத்தனையையும் படித்துச் சோர்ந்துபோயிருப்பீர்கள். ஆனால் உங்களுக்குச் சாதகமான ஒன்று இருக்கிறது. குருத்தெலும்பில் நரம்பு இல்லை என்று சொன்னேன் அல்லவா? அப்படியானால் அது தேய்வது நேரடியாக வலிக்க முடியாது. உங்கள் வலி மூட்டின் உள்ளுறையிலிருந்தும், அடியிலுள்ள எலும்பிலிருந்தும், சுற்றியுள்ள தசைநார்களிலிருந்தும் வருகிறது. அதனால்தான் எக்ஸ்ரே மோசமாக இருந்தும் சிலர் மலையேறுகிறார்கள், எக்ஸ்ரே நன்றாக இருந்தும் சிலர் நொண்டுகிறார்கள். ஜவ்வை வளர்க்காமலேயே வலியைக் குறைக்க முடியும். தினமும் மூட்டு நோயாளிகளைப் பார்க்கிற எனக்கு இதில் சந்தேகமில்லை.

முதல் வேலை தொடையின் முன்தசை. நாற்காலியில் உட்கார்ந்து ஒரு காலை நேராக நீட்டி, தசையை இறுக்கி, ஐந்து எண்ணும்வரை பிடித்து மெதுவாக இறக்குங்கள். ஒரு காலுக்குப் பத்து முறை, காலையும் மாலையும். ஒரு வாரம் பழகியபின், கையூன்றாமல் நாற்காலியிலிருந்து எழுந்து உட்காருவதைச் சேர்த்துக்கொள்ளுங்கள். உயரமான நாற்காலியில் ஆரம்பித்தால் சுலபம். நடையைச் சமதளத்தில் பத்து நிமிடத்தில் தொடங்கி, வாரம் சில நிமிடங்களாகக் கூட்டுங்கள். செய்யும்போது லேசாக வலித்தால் பயப்பட வேண்டாம். மறுநாள் காலைக்குள் பழைய நிலைக்கு வந்துவிட்டால் அந்த அளவு சரி, வரவில்லை என்றால் கொஞ்சம் குறையுங்கள். பலன் தெரியக் குறைந்தது ஆறு வாரமாவது ஆகும். பலரும் பத்தாவது நாளே விட்டுவிடுகிறார்கள்.

எடை. ஒரு கிலோ குறைந்தால் ஒவ்வொரு அடியிலும் முழங்காலில் ஏறும் பாரம் நான்கு கிலோ அளவுக்குக் குறைகிறது என்று 2005-இல் அளந்து சொல்லியிருக்கிறார்கள். நீங்கள் ஐந்து கிலோ குறைத்தால் அடிக்கு இருபது கிலோ. இந்த அளவுக்கு வேலை செய்யும் மாத்திரை எதுவும் என் கைவசம் இல்லை.

தரையில் உட்காருவதைச் சாகும்வரை விட வேண்டாம். வலி கூடியிருக்கும் வாரங்களில் மட்டும் சம்மணம், குந்தி உட்காருவது இரண்டையும் தவிருங்கள். முடிந்தால் மேலைநாட்டுக் கழிப்பறையைப் பயன்படுத்துங்கள். படி ஏறும்போது நல்ல கால் முதலில், இறங்கும்போது வலிக்கிற கால் முதலில், கை எப்போதும் கைப்பிடியில். பள்ளியில் ஒரு பீரியட் நின்றால் அடுத்ததில் கொஞ்சம் உட்காருங்கள். மரத்துப்போகும்படி ஒரே நிலையில் நிற்பதுதான் மோசம். வலி அதிகமான நாட்களில் டைக்ளோஃபெனாக் ஜெல் தடவலாம். வலி மாத்திரையை மருந்துக் கடையில் நீங்களாக வாங்கி மாதக்கணக்கில் போடாதீர்கள். சிறுநீரகமும் வயிறும் அதற்கு விலை கொடுக்கும்.

ஆபரேஷன் இப்போது வேண்டாம். எக்ஸ்ரேயில் நிலை ஏறிவிட்டது என்ற காரணத்துக்காக மட்டும் எப்போதுமே வேண்டாம். உடற்பயிற்சியும் எடைக் குறைப்பும் உண்மையாகச் செய்து பார்த்தும், ராத்திரி தூக்கம் கெடுகிற வலி, வீட்டுக்குள் நடக்கவே சிரமம் என்று ஆனால் மூட்டு மாற்று பற்றிப் பேசலாம். பலருக்கு அந்தப் பேச்சே வருவதில்லை. அதுவரை வருடாவருடம் எக்ஸ்ரே எடுத்து இடைவெளியை அளந்து கவலைப்படவும் தேவையில்லை. முழங்கால் மடங்கிய நிலையிலேயே பூட்டிக்கொண்டாலோ, திடீரென்று வீங்கிச் சூடாகிக் காய்ச்சல் அடித்தாலோ, நடக்கும்போது கால் நழுவி விழப்பார்த்தாலோ நாள் கடத்தாமல் மருத்துவரிடம் போங்கள். காய்ச்சலோடு வீங்கிய முழங்காலுக்கு அன்றே போக வேண்டும், ஏனென்றால் மூட்டுக்குள் சீழ் பிடித்தால் சில நாட்களிலேயே குருத்தெலும்பைத் தின்றுவிடும்.